கடைசி வண்டி தாண்டியாச்சு

மணி இரண்டைத் தாண்டியிருக்கும். ஆற்றுக்கு இறங்குகிற காட்டுப்பாதை... பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மழை அறுத்த பள்ளம், நடுவில் கல், இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர். அதில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஜீப்புகள் உறுமிக்கொண்டு வந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் வீடு. ஐந்தும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

நாலுதான் வந்து சேர்ந்தன.

கிட்ட வந்து உட்காருங்கள். தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்தால் முதுகு நனையும். அந்த அடுப்பைக் கொஞ்சம் தணியுங்கள், அது போடுகிற இரைச்சலில் கதை காதில் விழாது. இது எங்கோ யாருக்கோ நடந்தது இல்லை. நம்ம வெல்டரின் பெரியப்பா மகனுக்கு நடந்தது. வெல்டர் அதோ, ஸ்டெப்னி டயர் மேல் சாய்ந்துகொண்டு, டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கூட்டிச் சொல்வதாகத் தோன்றினால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியப்பா மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் 'ஆச்சு'.

பட்டறை வைத்திருந்தான். ஒழுங்காகச் சாலையில் ஓடுகிற ஜீப்பைக் கொண்டுபோய் விட்டால் போதும். சஸ்பென்ஷனைத் தூக்கி, இடுப்பு உயர டயர் மாட்டி, முன்னால் கம்பியால் வண்டி இழுக்கிற வின்ச் வைத்து, சேறு பாறை எதுவானாலும் ஏறுகிற மாதிரி செய்துகொடுப்பான். கைவேலை சுத்தம். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வியாதி. கை முடிப்பதற்குள் வாய் முடித்துவிடும். "பிரேக் ஆயில் மாத்தினியாப்பா?" "ஆச்சு." "அந்த நட்டு?" "ஆச்சு, ஆச்சு." அவன் ஆச்சு என்று சொன்னால் இன்னும் பாதி வேலை பாக்கி என்று அர்த்தம் என்பார்கள் கூட்டாளிகள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ராத்திரியோடு ராத்திரியாக அந்த மீதிப் பாதியைச் செய்தும் முடித்துவிடுவான். பெரும்பாலும்.

அவனுக்கு ஒரே தங்கை. அவளுக்குக் காதோரம் நரைத்த பிறகும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். பாப்பாவின் புருஷன் மருந்துக்கடைக்காரர். சாது. மனிதருக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. நெற்றியில், மூக்கில், கழுத்தில் தைலம் தடவிக்கொண்டே இருப்பார். அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். ஆச்சு அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கூட்டம் மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

நாளெல்லாம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த மனிதர். ஒருமுறை மச்சானோடு, சேற்றிலும் ஆற்றிலும் ஜீப் விடுகிற விளையாட்டுக்குக் காட்டுக்குள் போய்வந்தார். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பட்டறையில் நிறுத்தினார். "மச்சான், உங்க வண்டி மாதிரியே பண்ணிக் குடுங்க." ஒரு ஜோடி வாக்கிடாக்கியும் வாங்கினார். ஒன்று வண்டிக்கு. இன்னொன்று வீட்டு அலமாரியில், சார்ஜரில். எத்தனை மணிக்குத் திரும்பினாலும் தெருமுனையில் நின்று அதில் கூப்பிடுவார். "தெருமுனை வந்துட்டேன். கேட்டைத் திற." பாப்பா தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய்த் திறப்பாள். வாயில் திட்டு இருக்கும். முகத்தில் இருக்காது.

வண்டி தயாராகிற சமயத்தில் பாப்பா ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். முன்கண்ணாடியை ஒட்டிக் கூரை வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய் ஏறியிருந்தது.

"இது என்னண்ணா, தும்பிக்கை மாதிரி?"

"ஸ்நார்க்கல். ஆத்துல இறங்கினா எஞ்சின் இது வழியாத்தான் மூச்சு விடும். தண்ணி குடிக்காது."

"அவருக்கு நீச்சல் தெரியாதுண்ணா."

"வண்டிக்குத் தெரிஞ்சா போதும் பாப்பா."

"எல்லாம் சரியா மாட்டிட்டியா?"

"ஆச்சு."

வெளியே குழாய் ஜம்மென்று நின்றது. பானெட்டுக்குள்ளேதான் விஷயம். அந்தக் குழாயை எஞ்சினோடு சேர்க்கிற ரப்பர் ஹோஸ் அளவு சரியாக வரவில்லை. பழைய துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தான். கிளாம்பை முறுக்கவில்லை, பசையும் வைக்கவில்லை. சாலையில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மழையிலும் தெரியாது. மூக்கு முழுக வண்டி தண்ணீரில் இறங்குகிற அன்றைக்குத்தான் தெரியும். சரியான ஹோஸ் வந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தான். வந்தது. பட்டறை அலமாரியில் வைத்தான். மறந்துபோனான்.

காட்டுக்குள் கூட்டமாகப் போனால் இரண்டு சட்டம். உங்களுக்குத் தெரியாததில்லை. பின்னால் வருகிற வண்டி உன் பொறுப்பு. கண்ணாடியில் அதன் விளக்கு தெரியாமல் நீ நகரக் கூடாது. இன்னொன்று... ஆறு தாண்டினால், கடைசி வண்டி கரையேறியதும் வாக்கிடாக்கியில் குரல் வரவேண்டும். 'கடைசி வண்டி தாண்டியாச்சு.' அந்தச் சொல் காதில் விழும்வரை முன்வண்டி அசையாது. விழுந்துவிட்டால் திரும்பிப் பார்க்காது.

அன்றைக்கு முன்வண்டியில் 'பெருசு'. லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். நாலாவது ஆச்சு. கடைசி, மாப்பிள்ளை.

மழை விட்டிருந்தது. ஆனால் மேலே எங்கேயோ இன்னும் பெய்துகொண்டிருந்தது. ஆற்றில், புதுவெள்ளத்துக்கு முன்னால் வருகிற அந்த வாசனை வந்தது... புது மண், அழுகின இலை. பெருசு இறங்கி, டார்ச் அடித்து, கம்பு விட்டுப் பார்த்தார்.

"பானெட்டு வரைக்கும் வரும். ஒரே கியர், ஒரே மூச்சு. நடுவுல காலை எடுத்தீங்க, அவ்ளோதான்."

மாப்பிள்ளை தைலத்தை மூக்கில் தடவிக்கொண்டே கேட்டார். "மச்சான், என் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"அதான் ஸ்நார்க்கல் போட்டாச்சே மாப்பிள்ளை. அப்புறம் என்ன?"

முன்னால் போன மூன்று வண்டிகளும் தாண்டி, பின்னால் வருபவர்களுக்கு இடம் விட மேட்டில் ஏறி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றன. ஆச்சு இறங்கினான். தண்ணீர் கதவில் மோதியது. அவன் தலைக்குப் பக்கத்தில் ஸ்நார்க்கல் காற்றை இழுத்தது... ஊஊஷ்... ஊஊஷ்... அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான், நட்டாற்றில், அலமாரியில் இருக்கிற ஹோஸ் ஞாபகம் வந்தது.

கரையேறினான். வாக்கிடாக்கியை எடுத்தான். 'இறங்காதீங்க மாப்பிள்ளை.' ரெண்டே சொல். சொன்னால், ஏன் என்று பெருசு கேட்பார். என்ன பதில் சொல்வது? ஊர் முழுக்கச் சிரிக்குமே. இன்னொருத்தன் தன் வண்டியை இனிமேல் பட்டறையில் விடுவானா? கட்டைவிரல் பொத்தான் மேலேயே நின்றது. கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் மெதுவாகக் குனிந்து தண்ணீரில் இறங்கின.

பாதி ஆறு வந்தார். எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு... 'டொக்'. இரும்புக்குள் இரும்பு முறிகிற சத்தம். அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"க்ர்ர்... கடைசி வண்டி?" பெருசின் குரல்.

ஆச்சு யோசித்தான். இழுத்துவிடலாம். தன் வின்ச் போதும். பெருசும் மற்றவர்களும் வந்தால் பானெட்டைத் திறப்பார்கள். திறந்தால் பார்ப்பார்கள். வராவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சத்தமில்லாமல் முடித்துவிடலாம். அவன் குரலில் பிசிறே இல்லை.

"தாண்டியாச்சு பெருசு. நீங்க போய்க்கிட்டே இருங்க. பின்னாடியே வர்றோம்."

மேட்டின் மேல் மூன்று வண்டிகள் உறுமி, அந்தப் பக்கம் இறங்கின. சத்தம் தேய்ந்தது. அந்தச் சின்ன வாக்கிடாக்கிகளுக்குக் குறுக்கே ஒரு மேடு வந்தால் காது கேட்காது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

க்ர்ர்ர்...

"மச்சான்..." மூக்கடைத்த குரல். கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது அதில். "நான் இன்னும் தாண்டலையே..."

நட்டாற்றில், செத்துப்போன வண்டிக்குள் உட்கார்ந்து, தான் தாண்டிவிட்ட செய்தியை அவரும் கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. இதோ இழுத்துடறேன்."

வண்டியைத் திருப்பினான். வின்ச் கம்பியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். கம்பி ஓடியது, ஓடியது... நின்றது. எட்டவில்லை. போன மழையில் அறுந்துபோன கம்பி. மாற்றியாச்சு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். கொக்கிக்கும் ஜீப்புக்கும் நடுவே ஒரு அறை நீளம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெருசின் வண்டியில் நீளக் கயிறு உண்டு. ஹாரன் அடித்தால் போதும். மேடு என்ன, மலை தாண்டியும் கேட்கும். வந்துவிடுவார்கள்.

ஓடிப்போய் வண்டிக்குள் ஏறி ஹாரன் மேல் கை வைத்தான்.

எடுத்துவிட்டான்.

தண்ணீர் அப்படியே நிற்கும் என்று நினைத்தான். விடிந்தால் வற்றிவிடும் என்று நினைத்தான். எதையாவது நினைத்துக்கொள்ளலாம் இல்லையா, கரையில் இருப்பவன்?

"மச்சான், காலுக்கு வந்துடுச்சு." ... "மச்சான், சீட்டுக்கு வந்துடுச்சு." ... "மச்சான், அவங்களைக் கூப்பிடுங்களேன்."

மாப்பிள்ளை கத்தவில்லை. அதுதான் கொடுமை. கத்தியிருந்தால் இவன் கை தானாகவே ஹாரனுக்குப் போயிருக்கும். மனிதர் கடையில் சில்லறை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரியில் கல் கொட்டுகிற சத்தம். ஆறு ஒரே மூச்சில் உயர்ந்தது. ஜீப் சாய்ந்தது. நகர்ந்தது. விளக்குகள் அணையவில்லை. தண்ணீருக்கு அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டே இரண்டும் போயின... வளைவு வரைக்கும் தெரிந்தன.

அப்போதுதான் ஹாரன் அடித்தான். விடாமல் அடித்தான்.

பெருசு மூச்சிரைக்க ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். "தாண்டியாச்சுன்னியேடா!"

"தாண்டினார் பெருசு. என் கண்ணால பார்த்தேன். அப்புறம்... திரும்பிப் போனார்."

"எதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஜீப் கிடைத்தது. கீழே பாறைகளில் மாட்டிக் கிடந்தது. டிரைவர் சீட்டில் பெல்ட் போட்டது போட்டபடி, பூட்டியே இருந்தது. பெல்ட்டுக்குள் ஆள் இல்லை. அதற்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை கிடைக்கவே இல்லை.

"வண்டி எங்கிட்ட இருக்கட்டும்" என்று கண்ணீரோடு கேட்டு வாங்கிக்கொண்டான் ஆச்சு. பட்டறைக்குள் தள்ளி, ஷட்டரை இழுத்துவிட்டான். பானெட்டைத் திறந்தான். பழைய ஹோஸ் கழன்று நாக்கு மாதிரி தொங்கியது. அலமாரியில் இருந்த புது ஹோஸை எடுத்தான். மாட்டினான். கிளாம்பை முறுக்கினான். பசை வைத்து, வழிந்ததைத் துணியால் துடைத்தான். அந்த வண்டியில் அவன் செய்ததிலேயே அருமையான வேலை அதுதான். கையைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வாய்விட்டுச் சொன்னான்.

"ஆச்சு."

க்ர்ர்ர்...

டாஷ்போர்டில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி. உள்ளே சேறு நிறைந்து, பேட்டரி ஊறிப்போன வாக்கிடாக்கி.

"மச்சான்... நான் இன்னும் தாண்டலையே..."

மூடிய பட்டறைக்குள் கிரீஸ் வாடையை மீறித் தைல வாசனை வந்தது. ஆச்சு அந்த வாக்கிடாக்கியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினான். பிறகு அழுதான். யாருக்காக அழுதான் என்று கேட்காதீர்கள்.

பாப்பாவின் கதை இதைவிட மோசம். புருஷன் செத்ததைக்கூட அவள் ஒருவிதத்தில் தாங்கிக்கொண்டிருப்பாள். 'திரும்பிப் போனார்' என்ற சொல்தான் அவளைத் தின்றது. கிளம்பின அன்று காலையில் இருவருக்கும் சண்டை. ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருப்பதில்லை என்று இவள் கோபப்பட்டு, 'போனா அப்படியே போயிடுங்க' என்று சொல்லியிருந்தாள். எல்லாப் பெண்டாட்டியும் சொல்வதுதான். ஆனால் அவர் ஆற்றைத் தாண்டி, வீட்டுப் பக்கம் வந்த பிறகு, திரும்பிப் போயிருக்கிறாரே?

"என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமத்தானேண்ணா திரும்பிப் போனார்?"

"அப்படியெல்லாம் இல்ல பாப்பா."

"அப்ப ஏன் போனார்? நீதானே பார்த்தே. சொல்லு."

தெருவில் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருக்கு யாரோ இருக்கிறார்களாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். தலை வாருவதை விட்டாள். ஆச்சு வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்திருப்பான். ஒரே ஒரு வரி சொன்னால் அவள் அந்தக் குழியிலிருந்து மேலே வந்துவிடுவாள். அவனுக்குத் தெரியும். பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான்.

கொஞ்சநாள் கழித்துக் கூட்டம் மறுபடியும் காட்டுக்குள் போனது. மாப்பிள்ளை இல்லாததால் ஆச்சுதான் கடைசி வண்டி. ஏதோ ஒரு ஓடை. முழங்கால் தண்ணீர்கூட இல்லை. தாண்டினான். பெருசு கேட்டார். "கடைசி வண்டி?" பதில் சொல்ல வாய் திறந்தபோது கண்ணாடியைப் பார்த்தான்.

பின்னால், ஓடைக்கு அந்தக் கரையில், இரண்டு மஞ்சள் விளக்குகள். வரவில்லை. காத்துக்கொண்டு நின்றன.

தலையைத் திருப்பிப் பார்த்தால் இருட்டு. கண்ணாடியில் பார்த்தால் விளக்கு.

அதற்குப் பிறகு அவன் ஓட்டிய எந்த வண்டியின் கண்ணாடியிலும் அவை இருந்தன. கடைத்தெருவில், பெட்ரோல் பங்கில், சிக்னலில்... ஒரு வண்டித் தூரம் தள்ளி, மரியாதையாக. ராத்திரியில் படுக்கையில் கண்ணை மூடினால் தைல வாசனை. இளைத்துக் கறுத்துப்போனான். பட்டறையில் 'ஆச்சு' என்ற சொல்லையே விட்டுவிட்டான். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான்.

அப்புறம் ஒரு ராத்திரி பாப்பா போன் செய்தாள். குரல் நடுங்கவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணா, அலமாரியில இருக்கிற வாக்கிடாக்கியில அவர் பேசினார்."

"கனவு கண்டிருப்பே பாப்பா."

"'இன்னும் தாண்டலையே'ன்னார். மச்சான்னு கூப்பிட்டார். உன்னைத்தான். என்னை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போ."

மறுக்க முடியவில்லை. உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. அங்கே போய் அந்த வண்டியை எப்படியாவது தாண்ட வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவன் நினைப்பெல்லாம் கடைசி வரைக்கும் அதுதான். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் ராத்திரி. அதே பாதை. வீட்டுப் பக்கமிருந்து வந்து, ஆற்றைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். பாப்பா மடியில் வாக்கிடாக்கி. எஞ்சினை நிறுத்தாமல் விளக்கை மட்டும் அணைத்தான். தவளைச் சத்தம் இருந்தது... இருந்தது... சட்டென்று நின்றது.

நட்டாற்றில் இரண்டு மஞ்சள் விளக்குகள். இப்போது கண்ணாடியில் இல்லை. நேரே.

பாப்பா பொத்தானை அழுத்தினாள். "ஏங்க..."

க்ர்ர்ர்...

"நீங்க தாண்டிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரே."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மூக்கடைத்த அந்தக் குரல். கோபமில்லை, குறையில்லை.

"சொன்னார்... நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்..."

பாப்பா தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் ஹாரன், கம்பி, ஹோஸ் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. அவசரம் அவசரமாகக் கதவைத் திறந்து இறங்கினான்.

"நான் இழுத்துடறேன் பாப்பா. இதோ, இப்பவே இழுத்துடறேன். நீ டிரைவர் சீட்டுக்கு வா. இந்த ரிமோட்டைப் பிடி. மேல் பொத்தான் இழுக்கும். கீழ் பொத்தான் கம்பியை விடும். நான் சொல்லும்போது அழுத்து."

கம்பியை முழு நீளத்துக்கு மாற்றியிருந்தான். அது நிஜமாகவே ஆகியிருந்தது. கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடியே தண்ணீரில் இறங்கினான். முழங்கால். இடுப்பு. நெஞ்சு. மேலே எங்கேயோ மழை பெய்துகொண்டிருக்க வேண்டும். அந்த வாசனை வந்தது... புது மண், அழுகின இலை. விளக்குகளில் கண் கூசியது. குனிந்து, கொக்கியைத் தண்ணீருக்குள் தடவித் தடவி...

க்ளக்.

எதிலோ மாட்டியது. ஜில்லென்ற இரும்பு.

"மாட்டியாச்சு! இழு பாப்பா!"

அவள் இழுத்தாள். வின்ச் முனகியது. கம்பி விறைத்தது. விளக்குகள் அசைந்து, அவனை உரசிக்கொண்டு, கரையைப் பார்த்து நகர்ந்தன. உரசும்போது தைல வாசனை. கனமான ஏதோ ஒன்று தண்ணீர் ஒழுக ஒழுகக் கரையேறுகிற சத்தம் அவன் காதில் நன்றாக விழுந்தது. கம்பி முழுக்கச் சுருண்டு உருளைக்குள் போய் நின்றது.

அவன் பிடித்துக்கொண்டு வந்த கம்பி. இப்போது அவன் கையில் ஒன்றுமில்லை. ஒரு பாறையைக் கட்டிக்கொண்டான். மேலேயிருந்து, லாரியில் கல் கொட்டுகிற சத்தம் வந்தது.

"பாப்பா! கம்பியை விடு! கீழ் பொத்தான்!"

பாப்பா ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள். ரிமோட்டைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். வாக்கிடாக்கியை எடுத்தாள். முன்வண்டி என்று யாருமே இல்லாத அந்த இருட்டுக்கு, குரலில் பிசிறே இல்லாமல் சொன்னாள்.

"கடைசி வண்டி தாண்டியாச்சு."

வண்டியைத் திருப்பினாள். பின்னால் ஹாரன் சத்தம் மாதிரி நீளமாக, விடாமல் ஒரு மனிதக் குரல் கேட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு வண்டித் தூரத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள். அவை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினாள். மேட்டில் நிதானித்தாள். திருப்பங்களில் இண்டிகேட்டர் போட்டாள், காட்டுக்குள்கூட. பின்னால் வருகிற வண்டி அவள் பொறுப்பல்லவா?

தெருமுனையில் மடியிலிருந்து சத்தம் வந்தது. "க்ர்ர்... தெருமுனை வந்துட்டேன். கேட்டைத் திற."

இறங்கிப் போய்க் கேட்டின் இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்தாள். தன் வண்டியை உள்ளே விட்டாள். இன்னொரு வண்டி உள்ளே வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் சாத்தினாள். காலையில் பார்த்தால், வாசலில் ஒரு வண்டி. ஈரமான டயர் தடம் இரண்டு வண்டிக்கு.

ஆச்சு எங்கே என்று பெருசும் கூட்டமும் வந்து விசாரித்தார்கள்.

"தாண்டிட்டார். அப்புறம் திரும்பிப் போனார்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஆச்சுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவும் எப்படித் தெரியும், அவன் மனதில் நினைத்தது வரைக்கும் எப்படித் தெரியும் என்றுதானே முழிக்கிறீர்கள்? அவனேதான் சொல்கிறான். அலமாரியில் அந்த வாக்கிடாக்கி இன்னும் இருக்கிறது. ராத்திரி எல்லோரும் அடங்கின பிறகு அதில் இரைச்சல் வரும். 'க்ர்ர்... பாப்பா... நான் இன்னும் தாண்டலை...' என்று ஆரம்பிப்பான். ஹோஸைச் சொல்வான், கிளாம்பைச் சொல்வான், ஹாரனில் வைத்துவிட்டு எடுத்த கையைச் சொல்வான். முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்லிவிட்டுக் கெஞ்சுவான். பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். வீடு முழுக்கத் தைல வாசனை. படுக்கப் போகும்போது வாக்கிடாக்கியின் சத்தத்தை மட்டும் குறைத்து வைப்பாள். அணைக்க மாட்டாள்.

"சும்மா கதை விடாதீங்க" என்று யாரோ இருட்டிலிருந்து சொன்னார்கள். குரலில் சிரிப்பு இல்லை. "அது எத்தனை நாளைக்கு உழைக்கும்? சார்ஜர்லயே கிடந்தாலும் இந்நேரம் பேட்டரி செத்திருக்கும்."

எல்லோரும் வெல்டரைப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ராத்திரி முழுக்கப் பேசாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செத்துத்தான் போச்சு. போன வாரம் போயிருந்தப்ப சொன்னா... குரல் சரியா கேக்க மாட்டேங்குதுண்ணா, புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டுக் குடுன்னா."

மழை தார்ப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தது.

"குடுத்தீங்களா?"

"ஆச்சு" என்றார் வெல்டர்.